ஓட்டமாவடியில் இறங்குங்கள்!

கேள்வி: பாசிக்குடாவுக்குப் போகிறோம். வழியில் ஓட்டமாவடியில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது? (வாசகி, வத்தளை)

பதில்: முதலில் பாலம். 2010 வரை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே இரும்புப் பாலம்தான். ரயில் வந்தால் மற்ற வாகனமெல்லாம் கரையில் காத்து நிற்கும். புதுப்பாலம் திறந்தபின் பழையது ரயிலுக்கே சொந்தமாகிவிட்டது. வெயில் ஏறுமுன் புதுப்பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். தோணியில் ஒருவர் காலூன்றி நிற்பார். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைச் சுழற்றி வீசுவார். வலை வட்டமாக விரிந்து விழும். அவசரமே இல்லாமல் இழுப்பார். கடைசி முழத்தில்தான் இறால் துள்ளுவது தெரியும். இறால் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கேள்வி: பாடும் மீனை அங்கே கேட்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அதற்குத் தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் போய், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருக்க வேண்டும். அது மட்டக்களப்பு வாவி. இது வாழைச்சேனை வாவி.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: சித்திரை முதல் ஆவணி வரை. மார்கழியில் வந்தால் மழையும் வெள்ளமும்தான் வரவேற்கும்.

கேள்வி: புனானைக் காட்டில் ஆட்கொல்லிச் சிறுத்தை இன்னும் இருக்கிறதா? பயமாக இருக்கிறது! (மாணவி, கண்டி)

பதில்: பயம் வேண்டாம். அதை 1924இலேயே சுட்டுவிட்டார்கள். பாடம் செய்த உடல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது கவனிக்க வேண்டியது யானையை. வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் இடையில் இரவில் மெதுவாக ஓட்டும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: காயான்கேணியில் முருகைக்கல் பார்க்கலாமாமே?

பதில்: பார்க்கலாம், மிதிக்கக் கூடாது. 2019இல் அந்தக் கடற்பரப்பைச் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தக் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் ஒன்று இருந்தது. மிஞ்சியதை நம் கால் நசுக்கிவிடக் கூடாது. அதில் நிற்பவர் யாராக இருந்தாலும், கூட வந்த நண்பராக இருந்தாலும், அதட்டி இறக்குங்கள்.

கேள்வி: வாகரைப் பக்கம் வேடர் ஊர்களுக்குப் போய்ப் படம் எடுக்க ஆசை. (வாசகர், சென்னை)

பதில்: படம் எடுக்க என்று போகாதீர்கள். அவர்கள் உங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். மீன்பிடித்தும் சேனை செய்தும் பிழைக்கிறவர்கள். முன்னோரையும் தங்கள் தெய்வங்களையும் அழைத்துச் சடங்கு செய்வது அவர்களின் வழிபாடு, நமக்கான ஆட்டமல்ல. அறிந்தவர் ஒருவரோடு போங்கள், இருந்து பேசுங்கள். அவர்களே விரும்பினால் கமெராவை எடுக்கலாம்.

கேள்வி: ஓட்டமாவடியின் மஜ்மா நகருக்கும் சுற்றுலாப் பயணிகள் போகலாமா?

பதில்: சுற்றுலாவாகப் போகாதீர்கள். கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த நாட்டில், 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபின், அதற்கு ஒதுக்கிய இடம் இது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே அடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள்; மற்ற மதத்தவரும் உண்டு. தூர ஊர்களிலிருந்து பெட்டியோடு வந்தவர்களுக்கு அன்று கூடி அழக்கூட வழியிருக்கவில்லை. ஓட்டமாவடி என்ற பெயரைக் கேட்டதும் நாட்டின் பல வீடுகளில் இன்றும் கண் கலங்கும். மனம் இருந்தால் போய், அமைதியாக நின்று, வேண்டிக்கொண்டு வாருங்கள். செல்பி வேண்டாம்.

கேள்வி: சாப்பாடு?

பதில்: காலையில் சந்திக் கடையில் புட்டும் மீன்கறியும். பிறகு சட்டியில் எருமைத் தயிர், மேலே பாணி. வேறென்ன வேண்டும்!

கேள்வி: ஒரே நாளில் பார்த்து முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியாது, அப்படி முயலவும் வேண்டாம். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டலுக்குள் வந்து, அதற்குள்ளேயே இருந்து, அப்படியே திரும்புகிறவர்களால் இந்த ஊர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயிலில் ஏறி வாழைச்சேனையில் இறங்குங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். தோணிக்காரரிடம் கூலியை முன்கூட்டியே பேசி, அவர் கையிலேயே கொடுங்கள். தயிரையும் கருவாட்டையும் ஊர்ச் சந்தையில் வாங்குங்கள்.