இருபது லட்சம் எங்கே போகிறது?

ஸ்கார்பரோ, டொரண்டோ
18.01.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கே பாட்டி, சித்தி, தறி எல்லோரும் நலமா? பழைய சீவரம் பார்வேட்டைக்கு வரதர் நம் ஊர் வழியாகப் போன வீடியோவைத் தம்பி அனுப்பியிருந்தான். பெருமாளைவிட அவன் விரல்தான் அதில் அதிக நேரம் தெரிகிறது. இருந்தாலும் மூன்று முறை பார்த்தேன்.

கூடவே ஒரு செய்தியும் சொன்னான். "அண்ணன் மகளுக்கு வருஷம் இருபது லட்சம் ஸ்காலர்ஷிப்" என்று நீங்கள் டீக்கடையில் சொல்லி, அது தரகர் காதுக்கு எட்டி, காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு வீட்டார் என் ஜாதகம் கேட்கிறார்களாம். அதில் ஒரு வீட்டார் காரும் எதிர்பார்க்கிறார்களாம். அவர்களுக்கு என் பஸ் பாஸை வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

அனுமதிக் கடிதத்தில் 34,000 டாலர் என்று போட்டிருந்தது உண்மைதான். டாலருக்கு அறுபது ரூபாய் என்று பெருக்கினால் இருபது லட்சம் தாண்டுகிறது, அதுவும் உண்மை. ஆனால் கல்விக் கட்டணம், காப்பீடு, நான் எட்டிக்கூடப் பார்க்காத உடற்பயிற்சிக் கூடத்துக்கான கட்டணம் என்று 9,000 டாலரை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 25,000. மாதத்துக்கு 2,080 சொச்சம். இளங்கலை மாணவர்களின் விடைத்தாளைக் கட்டுக்கட்டாகத் திருத்துகிறேனே, அதற்கான சம்பளமும் இதற்குள்ளேயே அடக்கம்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார், சேலையை எடை போட்டு வாங்குவார், குறைந்தால் கூலியில் பிடிப்பார், பழைய முன்பணத்துக்கும் கொஞ்சம் கழிப்பார். இங்கே என் பேராசிரியர்தான் முதலாளி. ஆராய்ச்சிக்கான பணம் அவர் பெயருக்கு வருகிறது, கூலி எனக்கு. ஆனால் நீங்கள் நெய்யும் சேலை மாதத்துக்குள் தறியிலிருந்து இறங்கிவிடும். என்னுடையது ஐந்து வருடம் தறியிலேயே கிடக்கும். இறங்கினாலும் யாரும் கட்டிப் பார்க்கப் போவதில்லை.

வாடகை 950 டாலர். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி. நான் இருப்பது அவர் வீட்டு நிலவறையில். போன வாரம் இறங்கி வந்து, "குறை நினையாதையும் பிள்ளை, வாடகை நூறு டொலர் கூட்ட வேணும்" என்றார். ஒன்டாரியோவில் இந்த ஆண்டு 2.5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக்கூடாதே என்று சட்டம் பேசினேன். அம்மா என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. என் நிலவறையை அவர் எடுத்துக் கட்டியது 2021-ல். சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் ஒடியல் கூழ் கொடுத்தார். கூழ் பிரமாதம். நூறு டாலர் ஏறிவிட்டது.

சாப்பாட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். இங்கே கருத்தரங்கு வைத்தால் சாப்பாடும் வைப்பார்கள். புதன்கிழமை புவியியல் துறையில் பீட்சா, வெள்ளிக்கிழமை தத்துவத் துறையில் சமோசா. பனிப்பாறை நகர்வதைப் பற்றி எனக்கு இப்போது தெரியும் அளவுக்கு என் சொந்தத் துறையில் தெரியுமா என்பது சந்தேகம். தத்துவக்காரர்களிடம் கேள்வி வேறு கேட்கிறேன். கேள்வி கேட்டவர் இரண்டாவது சமோசாவை எடுத்தால் யாரும் முறைப்பதில்லை.

நான் ஒருத்திதான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்றே 1991-ல் இலவச உணவு வங்கி திறந்தார்கள். இன்று பல வளாகங்களில் அப்படி ஒன்று உண்டு. மத்திய அரசு முதுகலை ஆய்வு மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை 2003-ல் 17,500 டாலர். இருபது வருடம் கழித்தும் அதே 17,500. இடையில் வாடகையும் அரிசியும் எங்கே போயின என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 2023 மே 1 அன்று நாடு முழுக்க ஆய்வகங்களைவிட்டு மாணவர்கள் வெளியே வந்து நின்றார்கள். மறு வருடம் ஏப்ரல் பட்ஜெட்டில் முதுகலைக்கு 27,000, முனைவர் பட்டத்துக்கு 40,000 என்று அறிவிப்பு வந்தது. போட்டியில் ஜெயிக்கும் கொஞ்சம் பேருக்குத்தான் அது. அந்தக் கொஞ்சம் பேரில் நான் இல்லை.

சங்கம் இருக்கிறதா என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? இருக்கிறது. யார்க் பல்கலைக்கழகத்தில் 2018-ல் 143 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல விடைத்தாள் திருத்துகிறவர்கள், வகுப்பெடுக்கிறவர்கள்தான்.

சென்னையில் ஆராய்ச்சி செய்யும் என் தோழிக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை. 31,000 ரூபாயாக இருந்ததை 2023 ஜனவரி முதல் 37,000 ஆக்கினார்கள். அது மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை என்று அவளுக்கு அழுகை. ஆனால் வந்தபோது அம்மாவுக்குக் கம்மல் வாங்கினாள். நான் வாங்கியது பனிக்கால பூட்ஸ், அதுவும் யாரோ போட்டுக் கழித்தது.

பட்டினி கிடக்கிறேன் என்று சித்தி அழ வேண்டாம். பிடித்த வேலை, நல்ல நூலகம், பேராசிரியரும் தங்கமானவர். இருப்பது கூலிக் கணக்கு, ஊரில் பேசுவது லாட்டரிக் கணக்கு. அது மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் எதிர்வீட்டுப் பையன். என்னைப் பார்த்து அவனும் இங்கே டிப்ளமோ படிக்கக் கிளம்புகிறானாம், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிறார்களாம். எனக்கு வருவது போல எதுவும் அவனுக்கு வராது, எல்லாம் கைக்காசு. 2025 ஜனவரி நிலவரப்படி, கட்டணம் போக, ஒரு வருடச் செலவுக்கு 20,635 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2023 வரை அது 10,000-தான். 20,635 டாலர் என்றால் ரூபாயில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். வந்தபின் படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே வேலை பார்க்கவும் கூடாது.

தெருவில் உங்கள் சொல் எடுபடும். தயவுசெய்து இன்றைக்கே அவன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். பையனை என்னிடம் போனில் பேசச் சொல்லுங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்