ஒரே களரியில் காதலும் போரும்

கேள்வி: இளங்காதலையும் தீவிர அரசியலையும் ஒரே கூத்தில் வைத்தால், காதல் அரசியலைத் தின்றுவிடாதா?
– வாசகர், நாவற்குடா

பதில்: தின்னாது, சோறு போடும். மட்டக்களப்புக் கூத்தின் இரு பாணிகளில் வடமோடிக்குப் போர், தென்மோடிக்குக் காதல் என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். நாடகாசிரியர் மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ நாடகத்தைப் படைத்தபோது வடமோடியை எடுத்து, அரக்கர்களின் இடத்தில் சாதியையும் வர்க்கத்தையும் நிறுத்தினார். வடக்கே தீண்டாமைக்கு எதிரான போராட்டம் கொதித்த காலம் அது. போர்த்தாளம் சரியான தேர்வுதான். ஆனால் சாதி போர்க்களத்தில் மட்டுமா வாழ்கிறது? கல்யாணப் பேச்சில்தான் அதன் நிரந்தரக் குடியிருப்பு. அங்கே போய் அதை மறிக்கக் காதலால்தான் முடியும்.

காதல் வந்தால் சனம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடும் என்பார்கள். காத்தவராயன் கூத்தைப் பாருங்கள். உயர்சாதிப் பெண் ஆரியமாலையை விரும்பியவன் கழுமரம் ஏறுகிறான். கோட்பாடு எதுவும் பேசாமலே, சாதி என்ன விலை கேட்கும் என்று தலைமுறைகளுக்கு விளங்கப்படுத்திய கூத்து அது. அம்மன் பக்திக் கதைதானே என்றால், இருக்கட்டும்; கழுமரம் நடப்பட்டது காதலுக்குத்தானே?

பக்கத்துக் கல்லடியில் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, ஊரில் மத்தளமும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் இருக்கிறார்கள். அடுத்த கூத்தை எழுதுகிறவர்களே, அரசியலைக் காதலியின் வாயால் பாட விடுங்கள்.