ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

தேனி மாவட்டத்துக்கு இரண்டு ஓ.எஸ். புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த லேப்டாப்பிலேயே விண்டோஸும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. நீங்கள் என்ன செய்தீர்கள்? கம்பத்தில் ஒரு கடையில் கொடுத்து பாஸை அழித்தீர்கள். சினிமா ஏற்ற இடம் கிடைத்தது. நல்ல தொடக்கம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இப்போது லினக்ஸ் வேண்டும் என்கிறீர்கள். வாருங்கள், போட்டுவிடலாம்.

1. லேப்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையது எதற்கு? தங்கச்சியுடையதை எடுங்கள். அவள் காலேஜ் புராஜெக்டும் அப்பாவின் ஏலக்காய்க் கணக்கும் அதில்தான் இருக்கும். பேக்கப் எடுக்காதீர்கள். வீட்டில் இருப்பது ஒரே பென்டிரைவ். அதில் லினக்ஸை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது, அதிலிருந்த கல்யாண போட்டோக்கள் போய்விடும். இன்றைக்கு யாரும் கேட்கப்போவதில்லை.

2. நாள் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் காற்று பேயாக வீசும் ஆனி, ஆடி உத்தமம். பேட்டரி செத்து, சார்ஜரின் தயவில் ஓடுகிற லேப்டாப்பாக இருக்கட்டும். பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலை பாதியில் இருக்கும்போது தென்னை மட்டை கம்பியில் விழ வேண்டும். 2012 மின்வெட்டில் இதற்கெல்லாம் காற்றை நம்ப வேண்டியிருக்கவில்லை.

3. இடத்தைப் பிரியுங்கள். பழைய எம்பிஆர் முறையில் ஒரு டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் முடியும். கம்பெனிக்காரரே ரெக்கவரி, அது இது என்று இடம் பிடித்திருப்பார். ஐந்தாவதைக் கேட்டால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். 'எஸ்' கொடுங்கள். டைனமிக் டிஸ்க்கில் லினக்ஸ் இன்ஸ்டாலர் திக்குமுக்காடும். பழையபடி மாற்ற விண்டோஸுக்கும் வழி கிடையாது, மொத்தத்தையும் அழித்தாலொழிய. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இல்லை என்பதால் இந்தப் படி சுலபம்.

4. புது லேப்டாப்பா? பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு வாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கும். எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். சபாஷ்.

5. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்காதீர்கள். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காது, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறக்கப் பாருங்கள். மறுக்கும். இணையத்தில் யாரோ போட்ட கட்டளையை ஒட்டி, வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதுங்கள்.

6. கடிகாரத்தை அடிக்கடி திருத்துங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று நினைக்கும். ஐந்தரை மணி நேரம் இடிக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால், இரவு 11.59-க்கு மாலை 6.29 காட்டும். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று 'இன்னும் நேரம் இருக்கு' என்று டீ குடிக்கப் போகலாம். ஒரு வரிக் கட்டளையில் இது தீர்ந்துவிடும். தேடாதீர்கள். விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸில் ஒருமுறை என்று கையால் மாற்றுங்கள்.

7. பத்து நாளில் லினக்ஸ் அலுத்துவிடும். விண்டோஸுக்குள் போய், 'இது யாருடைய பார்ட்டிஷன்?' என்று டெலீட் செய்யுங்கள். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் கிரப்பின் பாதி அங்கேதான் இருந்தது என்பது ரீஸ்டார்ட் ஆனதும் தெரியும்: கறுப்புத் திரை, 'கிரப் ரெஸ்க்யூ', மினுக்கும் ஒரு கோடு. லினக்ஸ் போய்விட்டது. விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

8. பையில் போட்டுக்கொண்டு அதே கம்பம் கடைக்குப் போங்கள். "என்ன தம்பி பண்ணீங்க?" என்பார். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்: "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே. தானா ஆயிருச்சு."