கார்டு ஐயாவின் வரன் பேரேடு

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கி, பார்ப்பதன் சுகத்திலேயே லயித்துப்போய், முடிவு செய்வது என்னும் அற்பமான கடைசிக் காரியத்தை மட்டும் ஆண்டுதோறும் அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிவைக்கும் தகப்பனார் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். பிரயாணிகளிலும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் பெட்டியோ படுக்கையோ டிக்கெட்டோ இராது. ஆனால் ஒரு கண்டம் முழுவதும் அவர்களுடைய விரல் நுனியில் குடியிருக்கும்.

கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டில் வசிக்கும் கார்டு ஐயா இந்த வம்சத்தின் திலகம். திருச்சிராப்பள்ளிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் கூட்ஸ் வண்டியின் கார்டாக உத்தியோகம் பார்த்தவர். எஞ்சின் டிரைவருக்கு ஊர்கள் எதிரே வரும். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் கார்டுக்கோ எல்லா ஊர்களும் விலகித்தான் போகும். மாயவரத்துக் கோபுரமும் கொள்ளிடத்துப் பாலமும் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறைவதையே ஆயுளெல்லாம் கண்ட ஒருவர், ஓர் ஊராவது தம்மை நோக்கி வரட்டுமே என்று ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை. அந்த ஆசை திண்டிவனத்தோடும் திருப்பதியோடும் திருப்தி அடையாமல், ஆசியாக் கண்டம் முழுவதையும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டதுதான் விபரீதம்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஆசியாவின் சுவர்ப்படம் ஒன்று தொங்குகிறது. சோவியத் யூனியன் சிதறுவதற்கு முன் அச்சானது. ஆகையால் உஸ்பெகிஸ்தான் முதலிய ஐந்து தேசங்களும் ஒரே ரோஜா நிறத்துக்குள் அடங்கிக் கிடக்க, 1991-க்குப் பிறகு ஐயா தம் கையாலேயே சிவப்பு மையால் எல்லை வகுத்து அவற்றுக்குச் சுதந்திரம் வழங்கியிருக்கிறார். அரபிக் கடலில் ஒரு பழுப்பு நிறத் தீவு தென்படும். அது காபிக் கறை. புதிதாகப் பார்க்கிறவர்கள் லட்சத்தீவு என்று மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள்.

படத்தின் கீழே, முக்காலியின் மேல், நீளவாக்கில் கட்டிய பேரேடு. தேசத்தின் பெயர், உச்சம், நீசம், பருவம், சீர், தோஷம் என்று ஆறு கட்டங்கள். பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு வெளிநாட்டுப் பிரயாணந்தான் செய்ய இயலும். ஒரு பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளைதானே. ஆகவே அந்த ஒன்று குற்றமற்றதாய் அமைய வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். உலகத்து நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஐம்பது தேசங்களைப் பெற்று வளர்த்த ஒரு கண்டத்தில் குற்றமற்ற ஒன்றைத் தேடுவது எத்தகைய தவம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, ஆசியா லேசுப்பட்ட ஜாதகம் இல்லை. 8,849 மீட்டரில் எவரெஸ்ட், அது உச்சம். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே சாக்கடலின் கரை, அது நீசம். உச்சமும் நீசமும் ஒரே ஜாதகத்தில் இருந்தால் அவசரப்பட்டு முகூர்த்தம் வைக்கலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் என்ன சோதிடரா? வைக்கக்கூடாது என்று தலையசைப்பேன்.

முதலில் பேசி வந்த வரன் ஜப்பான். நல்ல குடும்பம், சுத்தம், ஒழுக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். சீர் அதிகமாகக் கேட்கிற இடம் என்பதையும் ஐயா பொறுத்துக்கொண்டார். 1964 முதல் ஓடும் அந்த அதிவேக ரயில்கள் தாமதத்தை விநாடிக் கணக்கில் அளக்கின்றன என்று கேள்விப்பட்டதும் முகம் கறுத்துவிட்டது. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு லூப் லைனில் மூன்று மணி நேரம் கிடந்து, அந்த அவகாசத்தில் பிளாட்பாரத்துப் புளியமரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவிவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். "நிமிஷத்துக்கு அந்தண்டை மன்னிப்பே இல்லாத வீட்டில் நமக்குச் சரிப்படாது" என்று முடித்தார்.

அடுத்து கம்போடியா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எடுப்பித்த அங்கோர்வாட்டின் பெருமையை அரை மணி நேரம் உருகி உருகிச் சொல்லிவந்தவர், கோயில் மேற்குப் பார்த்தது என்ற வரியில் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மேற்குப் பார்த்த வாசல், வாஸ்து இடிக்கிறது. ஜாவாவின் போரோபுதூரில் 504 புத்தர் சிலைகளும் சாந்தமே வடிவாய் அமர்ந்திருக்க, கூப்பிடு தூரத்தில் மெராபி என்னும் எரிமலை 2010-இல் கோபித்துக்கொண்டு அத்தனை பேர் தலையிலும் சாம்பலைக் கொட்டிவிட்டது. "பிள்ளை பசுதான், மாமியார் பொல்லாதவள்" என்பது பேரேட்டுக் குறிப்பு. மங்கோலியாவுக்கு, "வீடு பெரிது, ஆள் குறைவு, அடுப்படியில் ஆட்டுக்கறி தவிர வேறில்லை" என்று ஒரே வரியில் தள்ளுபடி. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் 1892-இல் பூஜ்யத்துக்குக் கீழே 67 டிகிரியையும் தாண்டி உறைந்த ஊர். அதே ஊர் 2020 ஜூன் மாதத்தில் 38 டிகிரி கொதித்தது. "இப்படிச் சுபாவம் மாறுகிறவனை நம்பிப் பெண் கொடுப்பதா?"

ரயில்காரர் மனத்தை ரயில்தான் கவர வேண்டும் என்று எண்ணி, மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டோக் வரை 9,289 கிலோமீட்டர் ஓடும் இருப்புப் பாதையை நானே ஒரு சமயம் சிபாரிசு செய்தேன். கண்கள் பளிச்சிட்டன. "அத்தனை தூரத்துக்குக் கார்டு எத்தனை பேர் மாறுவார்கள்?" என்று முதற்கண் விசாரித்தார். நான் விழிக்கவே, அவரே எழுந்து படத்தருகில் சென்று, மாஸ்கோவிலிருந்து யூரல் மலை வரை விரலால் நிதானமாக அளந்து பார்த்துத் திரும்பினார். "தம்பி, இவ்வளவு தூரம் ஐரோப்பா. ஆசியாவுக்கென்று சேர்த்த பணத்தில் ஐரோப்பாவுக்குப் பங்கு கொடுப்பது தர்மமா?" என்றார். பாஸ்போரஸ் ஜலசந்திக்கு இருபுறமும் கால் பரப்பி நிற்கும் இஸ்தான்புல்லும் இதே நியாயப்படி இரண்டு வீட்டுப் பிள்ளை என்று ஒதுக்கப்பட்டது.

தள்ளிய தேசங்களைத் திரும்பப் பார்க்கலாமென்றாலும் பருவம் என்ற கட்டம் எமனாக முளைத்தது. ஜப்பானியச் செர்ரி மரம் வசந்தத்தில் பூக்கிறது. மங்கோலியர் நாதம் திருவிழாவை ஜூலையில் கொண்டாடுகிறார்கள். அந்த ஜூலையில் கம்போடியாவில் மழை. கம்போடியா வெளுக்கும் டிசம்பரில் சைபீரியாவில் மூச்சே பனியாகிறது. எல்லாரும் ஒரே மாதத்தில் அலங்கரித்துக்கொண்டு வரிசையாக நின்றால் பார்த்து முடிவு செய்வேன் என்று அவர் காத்திருக்க, ஆசியாவோ அதற்கு ஒப்பவில்லை.

ஆனாலும் இவரைப் பிரயோஜனமற்றவர் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஊரில் எவர் கடல் தாண்டுவதாயிருந்தாலும் முதலில் ஏறுவது அவர் வீட்டுத் திண்ணைதான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத் தவணை இருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் நம்மவர் 1,200 ரூபாய் கட்டவேண்டும் என்பதை நினைவூட்டுவார். புதிதாகக் கல்யாணமான தம்பதி ஒன்று பாலித் தீவில் ஒரு நாள் முழுவதும் ஊர் சுற்ற வண்டி பேசியிருந்தது. தேதியைக் கேட்டதும் பேரேட்டைப் புரட்டினார். "அன்று அங்கே சக வருஷப் பிறப்பு. நியேபி என்பார்கள். விளக்கேற்றமாட்டார்கள், அடுப்பு மூட்டமாட்டார்கள், வெள்ளைக்காரனானாலும் ஓட்டல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள், உங்கள் வண்டி எம்மாத்திரம்?" என்றார். தம்பதி தேதியை மாற்றிக்கொண்டு போய்வந்தது. ஊருக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்த தரகர் பிரமசாரியாக இருப்பது போல, அவர் மட்டும் முக்காலிக்கு முன்னேயே இருந்தார்.

இத்தனை காலமும் அந்த வீட்டு அம்மாள் படத்தை ஒட்டடை அடிக்கும்போது மாத்திரமே ஏறிட்டுப் பார்த்தவர். சென்ற பங்குனியில் ஒரு நாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே, "கோயில் பஜனை கோஷ்டியிலே முக்திநாத்துக்குப் போறாங்களாம். நானும் பேர் கொடுத்துட்டேன்" என்றார்.

ஐயா திடுக்கிட்டுப் பேரேட்டை எடுத்தார். நேபாளத்தின் எதிரே ஆறு கட்டங்களும் காலியாயிருந்தன; குறுக்கே மட்டும், "பக்கத்து வீட்டு வரன்; அவசரமில்லை" என்று எழுதியிருந்தது.

"அது 3,700 மீட்டருக்கு மேலே. மூச்சு முட்டும். விசா..."

"விசா வேணாமாங்க. பக்கத்து நாடுதானே."

வரன் பார்த்துக்கொண்டேயிருந்த தகப்பனாரிடம் பெண்ணே வந்து, "எனக்கு முடிவாகிவிட்டது" என்று சொன்னால் அவர் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது ஐயாவின் முகம். ஆயினும் மறுநாள் முதல் கடமையில் இறங்கிவிட்டார். முற்பகல் கழிந்தால் ஜோம்சோமில் காற்று விமானத்தை எழும்ப விடாது என்பது முதல், சாளக்கிராமம் உண்மையில் இமயம் கடலடியாய் இருந்த யுகத்துச் சங்குப் பிராணியின் கல்லுருவம் என்பது வரையில், பதினோரு பக்கங்கள் எழுதிக் கோஷ்டித் தலைவியிடம் ஒப்படைத்தார்.

வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வண்டி நகர்ந்ததும், தம் தோளில் கிடந்த பச்சைத் துண்டை ஐயா எடுத்து உயர்த்தி, பழைய உத்தியோகத் தோரணையில் நிதானமாக அசைத்தார். கடைசிப் பெட்டியிலிருந்த இளங்கார்டு என்ன நினைத்தானோ, தன் கொடியையும் ஒரு முறை தாழ்த்திக் காட்டினான். கடைசிப் பெட்டி விலகிப் போவதைப் பிளாட்பாரத்தில் நின்றபடி பார்ப்பது அவருக்கு இதுவே முதல் தடவையாக இருக்கும். அது புள்ளியாகி மறையும் வரையில் துண்டு இறங்கவில்லை.

பதினெட்டாம் நாள் அம்மாள் திரும்பிவந்தார். அடுத்த வாரமே முக்திநாத் போகவேண்டுமென்று ஒருவர் திண்ணைக்கு வந்து சேர, ஐயா கண்டகி நதியில் தொடங்கி உயரம், பாதை, குளிர், கட்டணம் எல்லாம் கடகடவென்று ஒப்பித்துவந்தார். கோயிலைச் சுற்றி 108 தாரைகள் விழுகின்றன என்ற இடத்தில் நாக்கு சற்றே தயங்கியது. உள்பக்கம் திரும்பினார்.

"இந்தா, கொஞ்சம் இங்கே வா. அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

"அம்மாடி! பத்தாவது தாரைக்கே பல்லு தந்தியடிச்சுது. அதுக்கு மேலே எண்ணவே இல்லை. ஆனா ஒண்ணைக்கூட விடலை" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அம்மாள் சிரித்தார்.

ஐயா பேரேட்டில் நேபாளத்துப் பக்கத்தைத் திறந்தார். ஆறு கட்டங்களில் எதிலும் அது அடங்காது என்று கண்டு, ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஏழாவதாக ஒரு கோடு கிழித்து, "தண்ணீர்: பல் தந்தியடிக்கும்" என்று குண்டு குண்டாய் எழுதிக்கொண்டார்.