எஃப்.எம்.மில் ஏன் செய்தி இல்லை?

கேள்வி: தனியார் எஃப்.எம். வானொலிகள் நாள் முழுக்கப் பேசுகின்றன. செய்தி மட்டும் ஏன் சொல்வதில்லை?

பதில்: சொல்ல அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். சொந்தச் செய்தி கூடாது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அறிவிக்கலாம், ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சொல்லக் கூடாது! டி.வி.யில் இரவு பகலாக ஓடும் செய்தி, வானொலிக்கு வந்தால் மட்டும் நாட்டைக் கவிழ்த்துவிடுமா? அலைவரிசை மக்கள் சொத்து, அதைத் தன்னாட்சி அமைப்பு நிர்வகிக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு விடலாம் என 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் பரிந்துரைத்தது. செய்தி என்ற பெயரில் வெறுப்பு பரவும் என்று அஞ்ச வேண்டாம்; பரப்புகிறவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. இந்தத் தடையை மத்திய அரசு நீக்க வேண்டும்.