கருத்துக்கு நன்றி

குடிமக்கள் கூடி உரிமைச் சாசனம் எழுத ஓர் இணையதளம் போதும் என்பவர்கள் ஐஸ்லாந்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். 2011இல் அங்கே 25 பேர் கொண்ட மன்றம், புதிய அரசியலமைப்பு வரைவைப் பகுதி பகுதியாக இணையத்தில் போட்டு, ஃபேஸ்புக்கில் கருத்து கேட்டது. முகம் தெரியாதவர்கள் கூடினால் குழாயடிச் சண்டைதான் மிஞ்சும் என்ற பயம் பொய்த்தது. நாலே மாதத்தில் வரைவு தயார். தீர்ப்பில்லாமல் இணையத்தை முடக்கக் கூடாது என்றுகூட அதில் இருந்தது. 2012 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வரைவையே புதிய அரசியலமைப்புக்கு அடிப்படையாகக் கொள்ளச் சொன்னார்கள். பிறகு? கோப்பு நாடாளுமன்றத்துக்குப் போனது. சின்ன நாடு, அதனால் முடிந்தது என்பார்கள். எங்கே ஐயா முடிந்தது? லைக் பொத்தான் மக்களிடம் இருந்தது; சட்டமாக்கும் பொத்தான் உறுப்பினர்களிடம். 1944ஆம் ஆண்டு அரசியலமைப்பே இன்றும் அமலில் இருக்கிறது.