மஞ்சள் சுவரும் 737 கிராமும்

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் வெயில் ஏறுவதற்குள் மஞ்சள் சுவருக்கு முன்னால் ஜோடிகள் முறை வைத்து நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்.

போட்டோகிராபர் கையில் சோனி ஏ1. கேமரா மட்டும் 737 கிராம். அதில் மாட்டிய 70-200 லென்ஸ் 1,045 கிராம். அதே கம்பெனியின் ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் காம்பாக்ட், 200 மில்லிமீட்டர் வரை ஜூமோடு சேர்த்தே 302 கிராம்தான். ஆனால் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தால் பெண் வீட்டார் மீதிப் பணத்தைத் தருவார்களா என்பது சந்தேகம்.

பெரிய கேமராவுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அதன் சென்சார் பரப்பு சின்னதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காம்பாக்டில் மணப்பெண்ணோடு பின்னால் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பரும் தெளிவாக விழுந்துவிடும். ஏ1 ஸ்கூட்டரை மறைத்துவிடும். கூடவே சுவர், ஜன்னல், பிரெஞ்சுத் தெருப் பலகை எல்லாவற்றையும் கரைத்துவிடும். இதற்குத் திண்டிவனத்திலேயே எடுத்திருக்கலாம்.

அந்த 50 மெகாபிக்சல் படம் கடைசியில் போய்ச் சேருவது சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு.

1950 ஏப்ரலில் பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இதே ஊருக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அவர் பேர்போனது கைக்கடக்கமான லைக்கா கேமராவுக்கு. இன்றைய ‘ஃபுல் ஃப்ரேம்’ சென்சாரின் அளவான 36×24 மில்லிமீட்டர் அந்தச் சின்னப் பெட்டியின் பிலிம் அளவுதான். கேமரா கண்ணில் படக்கூடாதென்று பளபளக்கும் பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வாராம். இப்போது கழுத்துப் பட்டையில் கம்பெனி பெயர் கடற்கரைச் சாலைவரை தெரிகிறது.